நீர்பாய்ச்சி கருத்தக்கண்ணனும் நட்சத்திரம் போட்ட சொல்லும்

காமயகவுண்டன்பட்டிக்குத் தெற்கே ஓடிய கல்மடை வாய்க்காலுக்குக் கருத்தக்கண்ணன்தான் நீர்பாய்ச்சி. நாற்பத்திரண்டாம் வயதில் ஊர் அவரைத் திருடன் என்றது. அந்தப் பேரை எவன் தன் தலையில் ஏற்றினானோ அவன் தலையிலேயே அதை இறக்கி வைக்காமல் கட்டையில் போவதில்லை என்று அவர் முடிவு செய்தார். இறக்க இரண்டரை வருஷம் ஆனது. இறக்கியும் விட்டார்.

முதலில் வட்டிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம், விளிம்பில் பிடித்துக்கொள்ள ஒரு காது, அடியில் நட்டநடுவே ஊசி நுழைகிற ஓட்டை. அண்டா நிறையத் தண்ணீர் வைத்து அதில் வெறும் வட்டிலை மிதக்கவிட்டால், ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, சரியாக ஒரு நாழிகையில் முழுகும். அதற்கு ஒரு முழுக்கு என்று பேர். இன்ன வயலுக்கு இத்தனை முழுக்கு என்று பாட்டன் காலத்துப் பேச்சு. எட்டு நாளைக்கு ஒரு முறை. எட்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் தலைமடையை அடைத்துத் தண்ணீரை அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பிவிடுவார்கள்.

நீர்பாய்ச்சிக்குக் கூலியாக வாய்க்காலின் கடைசியில் அரை ஏக்கர் மானியம். அந்த வயலுக்கு முழுக்குக் கணக்கு கிடையாது. எல்லாருக்கும் விட்டு முடித்து, தலைமடை அடைபடுவதற்குள் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் அவருக்கு. ஆட்டுக்கறி கூறு போட்டாலும் அந்த ஊரில் அதே வழக்கம்தான். கூறு போட்டவன் கடைசிக் கூறைத்தான் எடுக்க வேண்டும். பங்கு பிரிக்கிறவன் கை நேராக இருக்க அதைவிட நல்ல காவல் கிடையாது. அந்த மானிய வயலில் நிரம்பி வழிகிற தண்ணீரில் ஜக்கம்மா என்கிற விதவை ஒரு துண்டு நிலத்தில் கேழ்வரகு போட்டுப் பிழைத்தாள். அவளுக்கு முறையும் கிடையாது, கேட்க உரிமையும் கிடையாது.

கருத்தக்கண்ணன் வட்டிலைக் கண்ணைப் போலப் பார்த்தார். வாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் அண்டாவில் ஊற்றுவார். பக்கத்திலேயே கிணறு இருந்தாலும் அதில் கை வைக்க மாட்டார். அது சவர்த் தண்ணீர், காய்ந்தால் வெள்ளை பூக்கும். அமாவாசைக்கு அமாவாசை ஜக்கம்மாவிடம் ஒரு எலுமிச்சை அளவு புளி வாங்கி வந்து, வட்டிலை ஊறப்போட்டு, ஓட்டையில் மாட்டுவால் மயிரை விட்டு இழுத்து எடுப்பார். அவர் அப்பன் அப்படித்தான் செய்தார். இது ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் கேட்டதும் இல்லை. புளி கொடுத்த ஜக்கம்மாவுக்கு மட்டும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில் விவகாரம் கிளம்பியது. மேல்மடைக்காரர்கள் வயலுக்கெல்லாம் தண்ணீர் பற்றவில்லை. கடைசியில் இருந்த மானிய வயல் மட்டும் தளதளவென்று நின்றது. சுருளியாண்டி என்கிற சம்சாரி, மானிய வயலை ஒட்டி நாலு ஏக்கர் வைத்திருந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு கெடிகாரத்தை எடுத்து ஊர் முன்னால் வைத்தார். ஒரு நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம். வட்டிலை மிதக்கவிட்டார்கள். இருபதாவது நிமிஷத்தில் முழுகிவிட்டது.

வட்டிலைத் தூக்கி ஓட்டையைப் பார்த்தார்கள். அரம் போட்டு அகலப்படுத்தியிருந்தது. எல்லாருக்கும் ஒரு முழுக்குக்கு நாலு நிமிஷம் போச்சு. போனதெல்லாம் மிச்சமாகச் சேர்ந்து யார் வயலுக்கு வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல என்ன இருக்கிறது. கைக்கு நேர்மை கொடுத்த அதே வழக்கம் கருத்தக்கண்ணன் கழுத்தில் கயிறாக விழுந்தது. அவர் இல்லை என்று சொன்னார். யார் பிறகு என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியவில்லை. ஆடி அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்துக்குப் போய்வந்த ஒரு நாள், வட்டில் மடைக்கொட்டகையில் தனியாகக் கிடந்தது. அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

ஊர்ப் பெரியதனக்காரர் கர்ணன் தீர்ப்புச் சொன்னார். மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டும். மானியம் போச்சு. வட்டிலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு தலைமடையிலிருந்து கடைமடை வரைக்கும் நடக்க வேண்டும்.

நடந்தார். பட்டப்பகல். இரண்டு கரையிலும் ஆள். தலையில் வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வட்டிலைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து ஓட்டையைப் பார்த்தார். வட்டமாக இருந்த ஓட்டை நெல்மணி சாய்ந்த மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. காதைத் தன் பக்கம் வைத்துப் பார்த்தால் சாய்மானம் வலது மேலே போனது. அதை மனசில் குறித்துக்கொண்டு நடந்தார். கடைமடையில் அவர் பெண்சாதி ராக்கம்மாள் நின்றாள். அழவில்லை. வட்டிலை அவர் தலையிலிருந்து தன் கையால் எடுத்துக் கர்ணனிடம் நீட்டினாள்.

அதைக் கோயில் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். உத்தமபாளையத்துக் கன்னானிடம் கெடிகாரம் வைத்துப் புது வட்டில் செய்து வந்தது. நீர்பாய்ச்சி வேலையையும் மானியத்தையும் சுருளியாண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். வட்டிலை எப்படி வைத்துக்கொள்வது என்று புது ஆளும் கேட்கவில்லை, பழைய ஆளும் சொல்லவில்லை. தண்ணீர் எடுக்க வாய்க்காலுக்கு இறங்கச் சோம்பல்பட்டு, சுருளியாண்டி கொட்டகைப் பக்கத்துக் கிணற்றிலேயே அண்டாவை நிரப்பினார். கரையில் நின்று அதைப் பார்த்த கருத்தக்கண்ணன் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார்.

வயிற்றுப்பாட்டுக்குப் போடிக்குப் போனார். ராக்கம்மாள் ஆட்டுக்குட்டிகளை வைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்தாள். யாராவது ஒருத்தர் அங்கன இருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

போடிக் கடைத்தெருவில் ராஜமணி என்பவர் ஏலக்காய் மண்டி வைத்திருந்தார். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். வயது கருத்தக்கண்ணனை ஒத்ததுதான். பாளையங்கோட்டையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தவர், அப்பா இறந்ததும் பாதியில் வந்து தராசைப் பிடித்தார். ஆனால் புத்தி தராசில் நிற்கவில்லை. ஜெர்மனி தேசத்திலிருந்து தபாலில் புஸ்தகம் வரும். அதைப் படித்துத் துண்டுச் சீட்டுகளில் ஏதோ எழுதி, ஏலக்காய் தரம் பிரிக்கிற தட்டுகளில் குவியல் குவியலாக வைத்திருப்பார். காற்றுக்குப் பறந்தால் மண்டியே தேடும்.

கருத்தக்கண்ணனுக்கு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பிரிப்பதில் அவர் கை தனி. ஒரு தரம் சீட்டெல்லாம் பறந்து போனபோது, அந்தத் தேசத்து எழுத்துத் தெரியாமலே மையையும் மடிப்பையும் பார்த்து அந்தந்தத் தட்டில் சேர்த்துவிட்டார். அன்றிலிருந்து ராஜமணி அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பேச வேறு ஆளும் அவருக்கு அகப்படவில்லை. பெண்சாதியே கேட்கிற மாதிரி இல்லை.

அந்த ஜோலி என்னவென்றால், ஐரோப்பாக்காரர்கள் பாஷை, பாரசீகம், சமஸ்கிருதம் இதெல்லாம் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் பிறந்தவை. தாய் பாஷை செத்து ஐயாயிரம் வருஷம் இருக்கும். எழுதி வைத்தவர் ஒருத்தரும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் தாயின் சொல் எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கலாம். தமிழ் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, நம்முடையது வேறு வீடு என்றும் ராஜமணி சொல்லிவைத்தார்.

ஒரு நாள் ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். ‘நெம்’ என்று ஒரு வினைச்சொல்லின் வேர். அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது.

கிரேக்க தேசத்தில் இந்த வேரிலிருந்து வந்த ‘நெமோ’ என்றால் பங்கு பிரித்துக் கொடுக்கிறேன் என்று அர்த்தம். அதே ஊரில் ஆடுமாட்டுக்கு மேய்ச்சல் ஒதுக்குவதற்கும் அதே சொல். ஒதுக்கி வைத்த முறைக்கு ‘நோமோஸ்’. அதுதான் அவர்களுக்குச் சட்டம். ஜெர்மன்காரன் வாயில் அது ‘நேமென்’ ஆகி, எடுத்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. பழைய இங்கிலீஷிலும் எடுப்பதுதான்; உணர்ச்சி எடுபட்டு மரத்துப்போன காலுக்கு ‘நம்’ என்கிறார்களே, அதுவும் இந்த வீட்டுப் பேத்தி. நம்பர் என்கிற சொல்லையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள், ஆனால் அது நிச்சயமில்லை என்று ராஜமணி ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்.

கருத்தக்கண்ணன் யோசித்தார். ஒரு பிள்ளை கொடுக்கிறான், ஒரு பிள்ளை எடுக்கிறான், ரெண்டும் எப்படி ஒரு வயிற்றில் பிறக்கும் என்று கேட்டார்.

“நீ நீர்பாய்ச்சிதானப்பா” என்றார் ராஜமணி. “மடையத் தொறந்தா ஒனக்கு அது குடுக்கிறது. வயக்காரனுக்கு அது எடுக்கிறது. தண்ணி ஒண்ணுதான. பங்கு போடுறதுதான் வேரு. எந்தப் பக்கம் நின்னு பாத்தாகளோ அந்தப் பக்கத்துச் சொல்லு அவுகளுக்கு.”

இது கருத்தக்கண்ணனுக்கு உடனே பிடிபட்டது. அப்படியானால் நம்மூரில் ஒழுங்குமுறையை நேமம் என்கிறோமே, அதுவும் இதுதானா என்று கேட்டார். ராஜமணி பலமாகத் தலையாட்டி மறுத்தார். அது வேறு வேர். நமஸ்காரத்தில் இருக்கிற நமஸும் பார்க்க இது மாதிரிதான் இருக்கும். ஆனால் அது குனிவது, இந்த வீடுதானா என்பதில் சண்டை இருக்கிறது. முகம் ஒத்துப்போனதால் மட்டும் சொந்தம் என்று சொல்லக்கூடாது. ஒரே ஒரு ஒற்றுமையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப, ஒரே ஒழுங்கில், பல இடத்தில் ஒத்துப்போக வேண்டும்.

“இந்த நட்சத்திரம் எதுக்கு மொதலாளி?”

“இதக் காதால கேட்டவன் இல்ல, கண்ணால பாத்தவன் இல்ல. ஆனா இருந்துதான் ஆகணும். அதுக்கு அடையாளம்.”

கடைசியாக இன்னொரு பேத்தியைப் பற்றியும் சொன்னார். கிரேக்கர்கள் இதே வேரில் ஒரு தெய்வத்துக்குப் பேர் வைத்திருந்தார்கள். நெமேசிஸ். அளவுக்கு மேலே எடுத்தவனைத் தேடிப் போய் அவனுக்குச் சேரவேண்டிய பங்கை அவன் மடியில் போடுகிற தெய்வம். பழிவாங்குகிறவள் என்று சொல்வார்கள், ஆனால் பேருக்கு அர்த்தம் பங்கு போடுகிறவள் என்பதுதான். கருத்தக்கண்ணன் அந்தப் பேரை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அந்த மாசம் ஊருக்குப் போனபோது அவர் மண்டைக்குள் அந்தச் சீட்டுகள்தான் ஓடின. அதுவரைக்கும் அவருக்குத் தட்டான் தங்கபாண்டி மேல்தான் சந்தேகம். அரம் வைத்திருக்கிறவன் அவன்தானே. ராக்கம்மாள் அவன் வீட்டுப் பெண்களோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள். இப்போது யோசித்தால் அது முக ஒற்றுமை மட்டும். வட்டில் அகலமானதால் தங்கபாண்டிக்கு ஒரு பிடி நெல்லும் வரவில்லை.

சாய்ந்த ஓட்டையை எடுத்துக்கொண்டார். வீட்டில் தகரக் குவளைகளை வைத்து அரம் போட்டுப் பார்த்தார். வலது கையால் ராவினால் ஓட்டை இடது மேலே சாய்ந்தது. எத்தனை தடவை போட்டாலும் அப்படித்தான். வட்டிலில் சாய்ந்தது வலது மேலே. ராவியவன் இடக்கைக்காரன். சுருளியாண்டிக்குச் சோறு தின்பதைத் தவிர மற்றதெல்லாம் இடக்கைதான். இது ஒன்று. விவகாரத்துக்கு ஒரு மாசம் முன்னால்தான் சுருளியாண்டி கெடிகாரம் வாங்கினார். நேரம் பார்த்துச் செய்கிற ஜோலி எதுவும் அவருக்கு அதுவரை இருந்ததில்லை. இது இரண்டு. மானியம் போய்ச் சேர்ந்த இடம் மூன்று. தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் இல்லை. சேர்த்து நிறுத்தினால் மூன்றும் ஒரே வீட்டு வாசலைக் காட்டின.

போடிக்குத் திரும்பியதும் ராஜமணியிடம் சொல்லி ஒரு சீட்டில் சுருளியாண்டி பேரை எழுதச் சொன்னார். ராஜமணி எழுதினார். முன்னால் நட்சத்திரம் போடாமல் தரமாட்டேன் என்றார்.

“இத வச்சு ஊர்ல கேக்கலாமா?”

“கேட்டா சிரிப்பாக. நீ கணக்குப் போட்டது சரியா இருக்கலாம். அவன் வாயாலயோ கையாலயோ சாட்சி வரணும்.”

அப்போதுதான் அந்தக் களிமண் கதையைச் சொன்னார். ஜெனீவாக்காரப் பையன் ஒருத்தன், இருபத்தோரு வயசு. இந்தத் தாய் பாஷையில் இன்ன இடத்தில் ஒரு ஓசை இருந்திருக்க வேண்டும், பிள்ளைகள் எல்லாம் அதைத் தொலைத்துவிட்டன என்று வெறும் கணக்கிலேயே எழுதினான். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவனும் செத்துப்போனான். துருக்கி தேசத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சுட்ட களிமண் பலகைகளை அதற்குப் பிறகுதான் படிக்க முடிந்தது. எழுத்தைப் படித்தால் அதே வீட்டுப் பிள்ளை ஒருத்தி, யாருக்கும் தெரியாமல் புதைந்து கிடந்தவள். அவன் சொன்ன இடத்தில் அந்த ஓசை இருந்தது. அது ஒத்துப்போனது தெரிந்து ஏழெட்டு வருஷம்தான் ஆகிறது.

“அப்ப மண்ணு பேசணும்” என்றார் கருத்தக்கண்ணன். சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.

எந்த மண் பேசும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. சவர்த் தண்ணீரில் நாள் முழுக்க முழுகுகிற வட்டில், புளி காணாத வட்டில். ஓட்டைக்குள் வெள்ளை கட்டும். சுண்ணாம்பு மாதிரி அல்ல, கல் மாதிரி. ஓட்டை சிறுத்துக்கொண்டே வரும். முழுகுகிற நேரம் நீளும். எல்லாருக்கும் கூடுதலாகத் தண்ணீர் பாயும், கடைசியில் மிச்சம் குறையும். தண்ணீர் குறைந்தபோது கத்திய ஊர், கூடினால் கத்துமா. தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்து, வாய்க்கால் கரையில் நடந்து, மானிய வயலின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போனார். வெளுத்துக்கொண்டு வந்தது. அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

முப்பத்தைந்தாம் வருஷம் மழை ஏமாற்றியது. மானிய வயலில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் எட்டவே இல்லை. சுருளியாண்டி கெடிகாரத்தை வைத்துப் பார்த்தார். இருபத்துநாலு நிமிஷம் இருபத்தொன்பதாக இருந்தது. பெரியதனக்காரரிடம் ஓடினார். கர்ணனுக்கும் தலைமடையில் ஐந்து ஏக்கர். முழுக்குக்கு ஐந்து நிமிஷம் அவருக்கும் கூடுதலாகப் பாய்ந்துகொண்டிருந்தது.

“வட்டில் சரியாத்தான இருக்கு. ஒன் கெடிகாரந்தான் ஓட்டமா ஓடுது” என்றாராம் கர்ணன். “பங்கு போடுறவனுக்கு மிச்சந்தானப்பா. மிச்சம் இல்லேன்னா இல்ல.”

இதை ராக்கம்மாள் சொல்லிக் கேட்டபோது கருத்தக்கண்ணன் வெகுநேரம் சிரித்தார். அவர் சிரித்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. அந்த முறை போடிக்குத் திரும்பிப் போகவில்லை.

சுருளியாண்டி இன்னும் இரண்டு தடவை கர்ணன் வீட்டு வாசலுக்குப் போனார். பலிக்கவில்லை. வட்டிலைத் திருப்பிப் பார்த்தார், ஓட்டையில் வெள்ளை தெரிந்தது. கருவேல முள்ளை விட்டுக் குடைந்தார், முள்தான் ஒடிந்தது. கதிர் கண் முன்னால் பதராகிக்கொண்டிருந்தது. ஓட்டைக்கு என்ன மருந்து என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் ஏற்கனவே ஒரு தடவை செய்திருந்தார்.

அரத்துக்கு வெள்ளை எது, பித்தளை எது என்று தெரியாது. ராவியதில் இரண்டும் போனது. அடுத்த முறையில் மேல்மடை வயல்கள் பாதியில் நின்றன. ஐந்து நிமிஷக் கூடுதலுக்குப் பழகிவிட்ட ஜனம். அந்தக் கூடுதலும் போய், தன் பங்கிலும் குறைந்ததும் அன்றைக்கே கூடிவிட்டது. கெடிகாரத்தைக் கொண்டுவா என்றார்கள். பத்தொன்பது நிமிஷம்.

ஊர் கூடிய இடத்துக்குக் கருத்தக்கண்ணன் வெள்ளை வேட்டி கட்டி வந்தார். கோயில் பெட்டியில் இருக்கிற பழைய வட்டிலை எடுத்து வரவேண்டும் என்று மட்டும் கேட்டார். எடுத்து வந்தார்கள். இரண்டையும் காதைத் தன் பக்கம் வைத்து, சூரியனுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னார். கர்ணன் பிடித்தார். இரண்டு ஓட்டையும் வலது மேலே சாய்ந்து நின்றன, ஒரு கதிரில் விளைந்த இரண்டு நெல் மாதிரி.

பிறகு, கையோடு கொண்டு வந்திருந்த தகரக் குவளைகளையும் அரத்தையும் எடுத்தார். தானே வலது கையால் ராவிக் காட்டினார். இடது மேலே சாய்ந்தது. கூட்டத்தில் நாலு பேரை ராவச் சொன்னார். நாலும் இடது மேலே. மிச்சக் குவளையைச் சுருளியாண்டி பக்கம் நீட்டினார். சுருளியாண்டி வலது கையை நீட்டப் பார்த்தார்; அது பழக்கமில்லாமல் தடுமாறியது. கூட்டம் அதைப் பார்த்துவிட்டது.

“அய்யா, நான் வெள்ளையத்தான்யா சொரண்டுனேன்” என்றார் சுருளியாண்டி. “ஓட்டை அடச்சுப் போச்சுய்யா. சாமி சத்தியமா அதத்தான் சொரண்டுனேன். இந்தத் தடவ வேற எதும் இல்லய்யா.”

“இந்தத் தடவயா?” என்று கேட்டார் கர்ணன்.

அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

வட்டிலில் வெள்ளை கட்டுமா, கட்டினால் அடைக்குமா என்று கர்ணன் பழைய நீர்பாய்ச்சியிடமே கேட்டார். முப்பது பேர் கருத்தக்கண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். சுருளியாண்டியும் பார்த்தார், கையெடுத்துக் கும்பிடாத குறையாக.

“எங்கைல இருந்த வரைக்கும் கட்டல” என்றார் கருத்தக்கண்ணன். அது பொய் இல்லை.

அதே தீர்ப்பு. மண்வெட்டியைக் கீழே வைத்தார் சுருளியாண்டி. வட்டிலைக் கவிழ்த்துத் தலையில் வைத்தார்கள். பட்டப்பகல், இரண்டு கரையிலும் ஆள். கருத்தக்கண்ணன் பத்தடி பின்னால் நடந்தார். சுருளியாண்டி குனிந்தே நடந்ததில் வட்டில் இரண்டு தடவை விழுந்தது. இரண்டாம் தடவை கரையிலிருந்து ராக்கம்மாள் குரல் வந்தது.

“ஏய்யா, தலைய நிமித்தச் சொல்லுங்க. எம்புருசன் நிமிந்துதான் நடந்தாரு. அவருக்கு ஒருதடவகூட விழுகல.”

நிமிர்த்திக்கொண்டுதான் மிச்சத் தூரமும் நடந்தார்.

ஊர் மானியத்தைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த அமாவாசைக்குக் கருத்தக்கண்ணன் புது வட்டிலை எடுத்துக்கொண்டு ஜக்கம்மா வீட்டுக்குப் புளி கேட்கப் போனார். அவள் முறத்தில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் புளியை எடுத்து வந்தாள், ஆனால் கையில் கொடுக்கவில்லை.

“ரெண்டர வருசமா எங்கிட்ட யாரும் புளி கேட்டு வரலய்யா” என்றாள். “மூணாம் மாசமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் சவர்த் தண்ணிய ஊத்துறான், புளி போடல, நீ பாத்துக்கிட்டுப் போற. அன்னிக்கு ஊர்ல அவன் கதறுனது நெசம். ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார் கருத்தக்கண்ணன்.

“ஒன்னய நடக்கவிட்டப்ப நானும் கரையிலதான் நின்னேன். அவன் நடக்கிறதப் பாக்கணும்னு எனக்கும் இருந்துச்சு. ஆனா ஒன் பழிக்கு எம்பயிருல்ல காஞ்சுச்சு. ஒரு வெள்ளாம இல்ல, மூணு வெள்ளாம. நான் யாரு வட்டில ராவுனேன்? அவனுக்கு அவன் கூறப் போட்டுட்ட. எனக்கு இது எந்தக் கூறுய்யா?”

புளியை அவர் கையில் வைத்துவிட்டு அவள் முறத்துக்குத் திரும்பிவிட்டாள். கருத்தக்கண்ணன் புளியை மடியில் முடிந்துகொண்டு நடந்தார்.

போடிக்குக் கணக்கு முடிக்கப் போனபோது சீட்டை ராஜமணியிடம் கொடுத்து, நட்சத்திரத்தை அடித்துவிடச் சொன்னார். ராஜமணி நடந்ததெல்லாம் கேட்டு, சந்தோஷமாக அடித்தார். அப்படியானால் அந்த ‘நெம்’முக்கும் அடித்துவிடலாமே என்று கருத்தக்கண்ணன் கேட்டதற்கு, அதற்கு இன்னும் மண் பேசவில்லை என்றார். ஜக்கம்மா கேட்டதைக் கருத்தக்கண்ணன் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் நீர்பாய்ச்சினார். சுருளியாண்டியின் நாலு ஏக்கருக்கு முறை வரும்போது மட்டும் அவரை நேரில் வரச்சொல்லி அண்டாவுக்கு முன்னால் உட்கார வைப்பார். வட்டில் முழுகுகிற வரைக்கும் பார்க்க வேண்டும். முழுகியதும் மடை அடைபடும். மழை பொய்த்த வருஷத்தில் மற்றவர்களுக்கு இரக்கப்பட்டு அரை முழுக்கு விட்டுக்கொடுத்தது உண்டு. சுருளியாண்டிக்கு ஒரு சொட்டு கூடுதலாக விட்டதும் இல்லை, ஒரு சொட்டு குறைத்ததும் இல்லை. குறைத்திருந்தால் அவர் வாய்விட்டுத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் கொடுக்கவில்லை.

எல்லாருக்கும் விட்டு முடித்து எட்டாம் நாள் கடைமடைக்கு வருவார். மிச்சத் தண்ணீர் மானிய வயலில் நிரம்பி வழிந்துதான் பக்கத்துத் துண்டுக்குப் போவது வழக்கம். அவர் தன் வயல் வரப்பை வெட்டாமல், மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போய், ஜக்கம்மாவின் வரப்பை முதலில் வெட்டிவிடுவார். அது நனைந்த பிறகுதான் தன்னுடையது. சில முறை தன்னுடையதற்கு எட்டாது.

என்னய்யா இது, முறையே இல்லாத துண்டுக்குப் பங்கு போடுறவனுக்கும் முந்தி ஒரு பங்கா என்று கர்ணன் ஒரு தடவை கேலியாகக் கேட்டார்.

“அது அந்தம்மா கூறு” என்றார் கருத்தக்கண்ணன். “நான் பட்ட கடன் மூணு வெள்ளாமையோட போகும்னு நெனச்சேன். போகல.”